வலித்தது வலது, கிழிந்தது இடது: 14 ஆண்டுகளுக்குப் பின் அகற்றிய மார்பக இம்ப்ளாண்ட்

அவர் வந்தது வலது பக்கத்துக்காக. "இடது பக்கத்தை விட்டுவிடலாம் டாக்டர், அது எனக்கு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். வயது 46. இரண்டு குழந்தைகள். சர்க்கரை, ரத்த அழுத்தம் கிடையாது, புகைப்பழக்கம் கிடையாது. 32 வயதில், இரண்டாவது குழந்தைக்குப் பால் கொடுத்து நிறுத்திய பிறகு, அளவைக் கூட்டுவதற்காக இரண்டு மார்பிலும் சிலிகான் ஜெல் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டவர். வைத்தபோது "ஆயுளுக்கும் கவலை இல்லை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். யார் சொன்னது என்பது இங்கே முக்கியமில்லை. அந்த நாட்களில் பலரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். மற்றபடி நடந்தது நடந்தபடி.

வந்தபோது இருந்த நிலை

வலது மார்பு கெட்டிப்பட ஆரம்பித்து மூன்று ஆண்டு. வலி வந்து ஒன்றரை ஆண்டு. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது, கையை மேலே தூக்கினால் மார்புக்குள் கயிறு கட்டி இழுப்பதுபோல் இருக்கும் என்றார். பார்த்தவுடனேயே தெரிந்தது: வலது மார்பு இடதைவிட இரண்டு விரல் மேலே ஏறி, பந்துபோல் உருண்டு நின்றது. தொட்டால் கல். நோயாளிக்கு வலிக்கவும் செய்கிறது.

உடம்புக்குள் எந்த அந்நியப் பொருளை வைத்தாலும் உடல் அதைச் சுற்றி ஓர் உறையைக் கட்டும். பேஸ்மேக்கரைச் சுற்றியும் கட்டும். அதை நாங்கள் கேப்சூல் என்போம். பெரும்பாலோருக்கு அது மெல்லிய சவ்வாக, இருப்பதே தெரியாமல் இருக்கும். சிலருக்கு அது தடித்துச் சுருங்கி உள்ளே இருக்கும் பையை நெருக்கும். எவ்வளவு நெருக்குகிறது என்பதை பேக்கர் அளவுகோலில் நான்கு நிலையாகப் பிரிப்போம். முதல் நிலை இயல்பான மென்மை, இரண்டு லேசான கெட்டி, மூன்று கண்ணுக்கே தெரியும் உருமாற்றம், நான்கு அதோடு வலியும். இவருக்கு வலது நான்கு, இடது இரண்டு.

கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருந்தார். அதில் நான்கு ஆண்டாக இருக்கும் வேறு தொல்லைகளை எழுதியிருந்தார். ஓயாத சோர்வு, விரல் மூட்டுகளில் வலி, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோவது, முடி கொட்டுவது, தூக்கம் கெட்டது. கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் "என் பிளாக்" (en bloc) என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். "உறையோடு சேர்த்து, ஒரே துண்டாக, உடைக்காமல் எடுக்கணும். அதைச் செய்து தருகிறவரிடம்தான் ஆபரேஷன் செய்துகொள்வேன்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் நாங்கள் மூன்று தடவை உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

காகிதம் இல்லாத பை

முதலில் பழைய ஆவணங்களைக் கேட்டேன். ஒரே ஒரு டிஸ்சார்ஜ் காகிதம் இருந்தது. "சிலிகான், 275, தசைக்கு அடியில்". 275 என்பது மில்லியில் பையின் கொள்ளளவு. அவ்வளவுதான். தயாரிப்பாளர் பெயர் இல்லை, தொடர் எண் இல்லை, மேற்பரப்பு வழுவழுப்பா சொரசொரப்பா என்பதும் இல்லை.

இது ஏன் பெரிய விஷயம்? 2010-இல் பிரான்சில் பி.ஐ.பி நிறுவனம் மருத்துவ சிலிகானுக்குப் பதிலாகத் தொழிற்சாலை சிலிகானை இம்ப்ளாண்டில் நிரப்பி விற்றது வெளியே வந்தபோது, உலகம் முழுக்கப் பெண்கள் முதலில் தேடியது இந்தக் காகிதத்தைத்தான். அப்புறம் 2019 ஜூலையில், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ கேட்டுக்கொண்டதன் பேரில், அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் என்ற சொரசொரப்பு வகையை உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றது. காரணம், இம்ப்ளாண்டைச் சுற்றிய உறையில் வரும் ஓர் அரிதான நிணநீர்ப் புற்றுநோய். சுருக்கமாக பி.ஐ.ஏ.ஏ.எல்.சி.எல் என்பார்கள். சொரசொரப்பு வகைகளோடுதான் அதற்குத் தொடர்பு அதிகம். பெரும்பாலும் பை வைத்துப் பல ஆண்டு கழித்து, திடீரென்று ஒரு பக்கம் நீர் கோத்து வீங்குவதாக வெளிப்படும். அப்படி நீர் இருந்தால் ஊசியில் எடுத்து, சி.டி.30 என்ற குறிப்பான் இருக்கிறதா என்று பார்க்காமல் கத்தியைத் தொடக்கூடாது. தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் பையை எடுத்துவிட வேண்டும் என்று எஃப்.டி.ஏ அப்போது சொல்லவில்லை. இந்த வரி பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. பயந்துபோய் ஓடி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இவருடைய பை எந்த வகை என்று தெரியாததால், சொரசொரப்பாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே ஒவ்வொரு அடியும் வைத்தோம். முதலில் அல்ட்ராசவுண்ட். வலது பக்கம் பையின் சுவர் மடிந்து சுருங்கியிருந்தது. நீர் இல்லை, கிழிசலும் தெரியவில்லை. இடது பக்கத்தில் ஸ்கேன் செய்தவர் நின்றுவிட்டார். பைக்குள் ஏணிப்படிபோல் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடுகள். எம்.ஆர்.ஐ எடுத்தோம். சந்தேகமே இல்லை. இடது பையின் சுவர் கிழிந்து, சுருண்டு, ஜெல்லுக்குள் மிதந்துகொண்டிருந்தது. படத்தில் அது நெளிநெளியான கருங்கோடுகளாகத் தெரியும். இத்தாலியத் தட்டை நூடுல்ஸ் வகையின் பெயரால் அதை லிங்குவினி அடையாளம் என்பார்கள். ஜெல் முழுவதும் உறைக்குள்ளேயே இருந்தது. உடல் கட்டிய உறை அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் மார்பின் வடிவம் மாறவில்லை, வலிக்கவும் இல்லை. இடது அக்குளில் 9 மில்லிமீட்டர் நிணக்கணு ஒன்றில் மட்டும் கொஞ்சம் சிலிகான் போய்ச் சேர்ந்திருந்தது.

கல்லாய் இறுகி வலித்த வலது பக்கத்துப் பைக்கு ஒன்றும் ஆகவில்லை.

படத்தைக் காட்டிச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அழுத பிள்ளையைத்தான் எல்லோரும் பார்த்துக்கிட்டிருந்தோம்" என்றார்.

சிலிகான் ஜெல் பைகள் இப்படிச் சத்தமில்லாமல் கிழிவது புதிதல்ல. உப்புநீர் நிரப்பிய பை கிழிந்தால் சில நாளில் மார்பு வற்றிப்போய்த் தெரிந்துவிடும். ஜெல் பையில் அந்த வசதி இல்லை. அதனால்தான், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் வைத்த 5 அல்லது 6 ஆண்டில் ஒரு அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐயோ, அதன்பிறகு 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை என்று 2020-இல் எஃப்.டி.ஏ பரிந்துரைத்தது. இவர் 14 ஆண்டில் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. யாரும் எடுக்கச் சொன்னதும் இல்லை. மேமோகிராம் இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.

இரும்புச் சத்தும் இரண்டு மாதமும்

நோட்டுப் புத்தகத்தில் இருந்தவற்றை ஒதுக்கிவிட முடியாது. இம்ப்ளாண்ட் நோய் என்று பொதுவில் அழைக்கப்படும் இந்தத் தொகுப்புக்கு உறுதிப்படுத்தும் ரத்தப் பரிசோதனை கிடையாது, எல்லோரும் ஒத்துக்கொண்ட வரையறை கிடையாது. ஆனால் பல பெண்கள் இதே அறிகுறிகளைச் சொல்கிறார்கள், பையை எடுத்த பின் குறைந்தது என்றும் சொல்கிறார்கள். 2021 அக்டோபரில் எஃப்.டி.ஏ இம்ப்ளாண்டோடு வரும் தகவல் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியபோது, இந்த உடல்முழுதுமான அறிகுறிகளையும் அதில் சேர்த்தது. "எல்லாம் உங்கள் மனசுதான்" என்று சொல்லி அனுப்பும் காலம் போய்விட்டது. அதே சமயம் எல்லாவற்றையும் பையின் தலையில் கட்டுவதும் தப்பு. சோர்வுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

பார்த்தோம். தைராய்டு சரி. முடக்குவாதக் குறிப்பான்கள் இல்லை. ஹீமோகுளோபின் 10.1, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிடின் 8. இரண்டுமே குறைவு. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்பதை அவர் நோட்டில் எழுதவே இல்லை, அது வழக்கம்தானே என்று விட்டுவிட்டார். மகளிர் நோய் மருத்துவரிடம் அனுப்பினோம், இரும்பு மாத்திரை தொடங்கினோம், அறுவையை எட்டு வாரம் தள்ளினோம்.

அவருக்கு எரிச்சல். "பையை எடுங்கள் என்று வந்தால் மாத்திரை கொடுத்து அனுப்புகிறீர்கள்." நியாயமான எரிச்சல்தான். ஆனால் இரண்டு பக்கமும் உறையை உரிக்கும் அறுவையில் ரத்தம் இழப்போம். 10.1-ஐ வைத்துக்கொண்டு அதில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. எட்டு வாரம் கழித்து ஹீமோகுளோபின் 12.2. சோர்வுக்கு அவரே போட்ட மதிப்பெண் பத்துக்கு எட்டிலிருந்து ஆறாக இறங்கியிருந்தது. பையில் இன்னும் கை வைக்கவில்லை என்பதை இருவருமே குறித்து வைத்துக்கொண்டோம்.

என் பிளாக் என்ற சொல்

இந்தச் சொல் புற்றுநோய் அறுவையிலிருந்து வந்தது. கட்டியை அதைச் சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல திசுவோடு சேர்த்து ஒரே துண்டாக எடுப்பதற்குப் பெயர். உறையில் அந்த நிணநீர்ப் புற்றுநோய் உறுதியானால் அப்படித்தான் செய்ய வேண்டும், அதில் பேரம் இல்லை. புற்றுநோய் இல்லாதவருக்கு அதே அளவு வெட்டுவது என்றால், நல்ல தசையையும் மார்பகத் திசுவையும் காரணமில்லாமல் இழப்பது.

பெரும்பாலான பெண்கள் இந்தச் சொல்லால் கேட்பது வேறு ஒன்று. உறையைத் திறக்காமல், பை உள்ளே இருக்கும்போதே, முட்டை மாதிரி முழுசாக எடுப்பது. இது பலருக்கு முடியும். உறை தடிப்பாக இருந்தால் சுலபமாகக்கூட முடியும். மூன்றாவது, உறையைத் திறந்து பையை எடுத்துவிட்டு, பிறகு உறை முழுவதையும் துண்டு துண்டாக எடுப்பது. நான்காவது, ஒரு பகுதியை மட்டும் எடுத்து, ஆபத்தான இடத்தில் ஒட்டியிருப்பதை விட்டுவிடுவது. உறை மெல்லியதாக, நோயில்லாமல் இருந்தால் அதைத் தொடாமல் பையை மட்டும் எடுப்பதும் உண்டு.

தசைக்கு அடியில் வைத்த பையின் உறைக்குப் பின்சுவர், விலா எலும்பின் மேலும் விலா இடைத் தசையின் மேலும் படிந்திருக்கும். அதற்கு அடுத்த அடுக்கு நுரையீரலின் உறை. அங்கே பிடிவாதமாக உரித்தால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடும். நடக்கக்கூடிய விபத்துதான் இது, பயமுறுத்தலுக்காகச் சொல்லவில்லை. அவரிடம் ஒரு காகிதத்தில் வரைந்தே காட்டினேன்.

இன்னொன்றும் சொன்னேன். 2022-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், இம்ப்ளாண்டால்தான் நோய் என்று கருதிப் பையை எடுத்துக்கொண்ட பெண்களின் அறிகுறிகள் குறைந்தன. உறையை முழுசாக எடுத்தவர்களுக்கும், துண்டுகளாக எடுத்தவர்களுக்கும், ஒரு பகுதியை விட்டவர்களுக்கும் அந்த முன்னேற்றத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இதைக் கேட்டதும் அவர் சமாதானம் ஆகிவிடவில்லை. வேறொரு இடத்தில் "நூறு சதவீதம் முழுசா எடுத்துத் தருகிறோம்" என்று உறுதி கொடுத்திருக்கிறார்கள். நான் ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறேன் என்பது அவருக்குப் புரியவில்லை. உள்ளே திறந்து பார்க்காமல் அந்த உறுதியை யாராலும் கொடுக்க முடியாது என்பதே என் பதில். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

ஒப்புதல் படிவத்தில் நாங்கள் கையால் எழுதிச் சேர்த்தது இது: இரண்டு பக்கமும் உறையை முழுசாக எடுக்க முயல்வோம். இடது பக்கம் ஜெல் கொட்டாமலிருக்கத் திறக்காமல் எடுக்க முயல்வோம். விலா எலும்பில் ஒட்டியதைப் பிரிக்க முடியாவிட்டால் விட்டுவிடுவோம், எவ்வளவு விட்டோம் என்பதை அளந்து எழுதித் தருவோம். எடுக்கும் எல்லாவற்றையும் படம் எடுத்து, திசுப் பரிசோதனைக்கு அனுப்புவோம். கடைசி வரி அவர் சேர்க்கச் சொன்னது. அதை நானே முதலில் எழுதியிருக்க வேண்டும்.

தொங்கும் தோலை அதே அமர்வில் தூக்கித் தைப்பதா என்ற கேள்வியும் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். 14 ஆண்டாகப் பை அழுத்தியதில் மார்பகத் திசு மெலிந்துபோயிருந்தது. உறையை உரிக்கும்போது அது இன்னும் மெலியும். அதே நாளில் காம்பைச் சுற்றியும் வெட்டினால் காம்புக்குப் போகும் ரத்த ஓட்டத்தை நம்பி இருக்க முடியாது. ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று முடிவானது.

அறுவை சிகிச்சை

முழு மயக்கம். கத்தி வைப்பதற்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் செஃபாசோலின் என்ற ஆன்டிபயாடிக். மார்பின் கீழ்மடிப்பில் இருந்த பழைய தழும்பையே திறந்து, இரண்டு பக்கமும் 7 சென்டிமீட்டர் அளவுக்கு நீட்டினோம்.

வலது பக்கம் எதிர்பார்த்ததைவிட எளிது. உறை 3 மில்லிமீட்டர் தடிப்பு, சில இடத்தில் சுண்ணாம்பு படிந்து முட்டை ஓடுபோல நொறுங்கியது. தடிப்பாக இருந்ததாலேயே அதற்கும் தசைக்கும் நடுவே வழி தெளிவாகக் கிடைத்தது. பின்சுவரும் பிரிந்து வந்தது. பை, உறையோடு, ஒரே உருண்டையாக. மேசைமேல் வைத்துத் திறந்தபோது உள்ளே பை முழுசாக இருந்தது. பின்பக்கம் அச்சிட்டிருந்த அளவு 275. மேற்பரப்பு சொரசொரப்பு. 14 ஆண்டாக யாருக்கும் தெரியாமல் இருந்த விஷயம் அப்போதுதான் தெரிந்தது. தொடர் எண்ணும் கிடைத்தது.

இடது பக்கம் எங்களைச் சோதித்தது. உறை ஈரக் காகிதம்போல. முன்சுவர், பக்கச் சுவர்கள் வரை திறக்காமல் வந்துவிட்டோம். நாலாவது விலா எலும்பின் மேல் வந்ததும் ஒட்டிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போகும்போது உறை ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து ஜெல் வெளியே வந்தது. சிலிகான் ஜெல்லைத் துடைப்பது என்பது பசையைத் துடைப்பது மாதிரி. ஈரத்துணியில் வராது, உலர்ந்த பஞ்சில்தான் ஒட்டி வரும். பையையும் ஜெல்லையும் எடுத்து, துடைத்து, உப்புநீரால் கழுவி, கையுறைகளை மாற்றிக்கொண்டு மீதி உறையை எடுத்தோம். விலா இடைத் தசையோடு ஒன்றிப்போயிருந்த 3 க்கு 4 சென்டிமீட்டர் பகுதியை மட்டும் விட்டேன். அதன் மேல்பரப்பைச் சுரண்டி, லேசாகச் சுட்டோம்.

பிறகு இரண்டு குழிகளிலும் உப்புநீரை நிரப்பி, நுரையீரலைக் காற்றால் விரித்துப் பிடிக்கும்படி மயக்க மருத்துவரிடம் சொன்னோம். குமிழி வந்தால் ஓட்டை. வரவில்லை. முன்பு பைக்காகப் பிரித்துவிட்ட மார்புத் தசையின் கீழ்விளிம்பை மறுபடி மார்புச்சுவரோடு சேர்த்துத் தைத்தோம். இதைச் செய்யாமல் விட்டால் கையை அசைக்கும்போதெல்லாம் மார்பு சுருங்கி இழுபடும். உள்ளே சேரும் நீர் வடிய பக்கத்துக்கு ஒரு டிரெயின் குழாய், இறுக்கமான உள்ளாடை. மொத்தம் 2 மணி 40 நிமிடம். அக்குள் கணுவைத் தொடவில்லை. சிலிகான் இருக்கிறது என்பதற்காக மட்டும் கணுவை எடுத்தால் கை வீக்கம், மரத்துப்போதல் என்று வேறு தொல்லைகள் வரலாம்.

முதல் மூன்று வாரம்

மயக்கம் தெளிந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "முழுசா வந்துச்சா?" வலது வந்தது, இடதில் இவ்வளவு விட்டோம் என்று அன்றே சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலை ரவுண்டில் படங்களைக் கேட்டார். கிழிந்த பை, மஞ்சளடித்த ஜெல், விட்டுவந்த இடம் எல்லாவற்றையும் பார்த்தார். "சரி" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அன்று ஒன்றும் பேசவில்லை.

வலதில் இருந்த பழைய வலி முதல் நாளிலேயே போய்விட்டது. புண்ணின் வலி இருந்தது, ஆனால் "அது வேற வலி" என்றார். குழாயில் முதல் நாள் வலது 80 மில்லி, இடது 95. ஐந்தாம் நாள் வலது 20, இடது 35. எங்கள் வழக்கம், 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே தொடர்ந்து இரண்டு நாள் இருந்தால்தான் குழாயை எடுப்பது. வலதை எடுத்தோம். இடதுக்கு இன்னும் இரண்டு நாள் தேவை. அவர் குழாயோடு தூங்க முடியவில்லை என்று கெஞ்சினார், எனக்கும் 35-க்கும் 30-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றியது. எடுத்துவிட்டேன். தவறு. ஜெல் கொட்டிய, அதிகம் சுரண்டிய பக்கம் அது. அங்கே நான் கூடுதலாகப் பொறுத்திருக்க வேண்டும்.

பதினொன்றாம் நாள் இடது பக்கம் தளும்புகிறது என்று வந்தார். செரோமா. காலியான குழியில் நிணநீர் தேங்குவது. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஊசியில் 60 மில்லி எடுத்தோம். வைக்கோல் நிறம், கிருமி எதுவும் வளரவில்லை. பதினைந்தாம் நாள் மறுபடி 25 மில்லி. அப்புறம் சேரவில்லை. இரண்டு நாள் அவசரத்துக்கு இரண்டு ஊசியும் பத்து நாள் கூடுதல் கட்டும்.

கட்டை முதலில் பிரித்தது ஆறாம் நாள். கண்ணாடி பார்க்கும் அந்த நேரத்தைப் பற்றி எங்கள் புத்தகங்களில் அதிகம் இருக்காது. தட்டையாக இருக்கும் என்றுதான் அவர் மனதைத் தேற்றி வைத்திருந்தார். பார்த்தது குழிந்த, சுருக்கம் விழுந்த, காம்பு உள்நோக்கி இழுத்த மார்பு. "நான் நினைச்சது இது இல்லை சிஸ்டர்" என்று அழுதுவிட்டார். கட்டு மாற்றிய செவிலியர் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் முடிக்கும் வரை இருந்தார். பிறகு, இது ஆறாம் நாள் மார்பு, மூன்றாம் மாதத்து மார்பு இல்லை என்று மட்டும் சொன்னார். உறை போன இடத்தில் திசு மறுபடி படிந்து விரிய வாரங்கள் ஆகும். இதை நான் அறுவைக்கு முன்பே சொல்லியிருந்தேன் என்று குறிப்பேட்டில் இருக்கிறது. சொன்னேன்தான், ஆனால் படம் காட்டிச் சொல்லவில்லை. இப்போதெல்லாம், சம்மதம் கொடுத்த மற்ற நோயாளிகளின் முதல் வாரப் படங்களையும் காட்டுகிறேன். அழகாக ஆறிய படங்களை மட்டும் காட்டுவது ஒரு வகையில் பொய்.

முதல் இரண்டு வாரம் மல்லாந்து படுக்கை, தலைப்பக்கம் உயர்த்தி. கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம், ஆனால் அசைக்காமலும் வைக்க வேண்டாம். இதில் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள். இவர் பயத்தில் கையை அசைக்கவே இல்லை, மூன்றாம் வாரம் வலது தோள் இறுகிவிட்டது. இயன்முறைப் பயிற்சியாளரிடம் நாலு அமர்வு போக வேண்டியிருந்தது. இறுக்க உள்ளாடை ஆறு வாரம், கனமான பொருள் தூக்குவதும் ஆறு வாரம் கழித்துத்தான். அலுவலக வேலைக்கு நான்காம் வாரம் போனார். செரோமா வந்திருக்காவிட்டால் மூன்றாம் வாரமே போயிருப்பார்.

தழும்பு நன்றாக ஆறுவதற்கு வழக்கமாக நாங்கள் கொடுப்பது சிலிகான் தாள். அதை நீட்டியபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "இதுவும் சிலிகானா?" அப்புறம் இருவரும் சிரித்துவிட்டோம். தோலுக்கு வெளியே ஒட்டும் தாளுக்கும் உள்ளே கிழிந்த பைக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கலாம்தான். விளக்கவில்லை. காகித டேப் கொடுத்தேன். தழும்பின் மேல் இழுவிசை விழாமல் அதுவும் பார்த்துக்கொள்ளும்.

திசு அறிக்கையும் பிறகு நடந்ததும்

அறிக்கை மூன்றாம் வாரம் வந்தது. வலது உறை: தடித்த நார்த்திசு, சுண்ணாம்புப் படிவு, நாள்பட்ட அழற்சி. இடது உறை: சிலிகான் இருந்த வெற்றுக் குமிழிகள், அவற்றை விழுங்கப் பார்த்து முடியாமல் ஒன்றுகூடிய ராட்சத செல்கள். இரண்டிலும் சந்தேகத்துக்குரிய செல்கள் இல்லை. 2022 செப்டம்பரில் எஃப்.டி.ஏ, உறையில் மிக அரிதாகச் செதிள் செல் புற்றுநோயும் வேறு வகை நிணநீர்ப் புற்றுநோய்களும் வந்திருப்பதாக அறிவித்தது. வழுவழுப்புப் பைகளிலும் அவை வந்திருக்கின்றன. அதற்குப் பிறகு, எந்த உறையையும் குப்பையில் போடக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

மூன்றாம் மாதம் மார்பின் குழிவு பெரும்பாலும் நிரம்பியிருந்தது. காம்பு வெளியே வந்துவிட்டது. இடது கொஞ்சம் தொய்வு, வலது கொஞ்சம் சிறியது. இடது காம்பில் உணர்ச்சி குறைவு, அது ஓராண்டு ஆகியும் முழுசாகத் திரும்பவில்லை. ஆறாம் மாதம் தூக்கித் தைப்பதைப் பற்றியும், சொந்தக் கொழுப்பை எடுத்து நிரப்புவதைப் பற்றியும் பேசினோம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் பத்தாம் மாதம் வேண்டாம் என்றார். காரணம் நான் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை.

நோட்டுப் புத்தகத்துக்கு வருவோம். சோர்வு பத்துக்கு எட்டில் ஆரம்பித்து, இரும்புக்குப் பின் ஆறு, அறுவை முடிந்து ஆறு மாதத்தில் மூன்று, ஓராண்டில் மூன்று. தூக்கம் நன்றாகிவிட்டது, இதில் வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிவதற்கும் பங்கு இருக்கும். சொல் மறப்பது வெகுவாகக் குறைந்தது. முடி கொட்டுவது நின்றது, ஆனால் ஃபெரிடினும் 8-இலிருந்து 52 ஆகியிருந்தது. எது எதனால் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. விரல் மூட்டு வலி அப்படியே இருக்கிறது. அதற்கு வாத நோய் மருத்துவரிடம் அனுப்பி, ஆரம்பக்கட்ட மூட்டுத் தேய்மானம் என்று வந்தது. அது பையோடு வந்ததில்லை, பையோடு போகவும் போவதில்லை. "எல்லாமே போயிடும்னு படிச்சேன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் ஏமாற்றம்.

ஓராண்டு பரிசோதனையில் அக்குள் கணு அதே 9 மில்லிமீட்டர். இடதில் விட்டுவந்த உறைப்பகுதியில் நீர் இல்லை, கட்டி இல்லை. சொரசொரப்புப் பை என்று தெரிந்துவிட்டதால், பையை எடுத்த பிறகும் இந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு ஸ்கேன், வயதுக்குரிய மேமோகிராம் தனியாக, திடீர் வீக்கமோ கட்டியோ தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்று அவருக்கு ஒரு பக்கச் சுருக்கம் தட்டச்சு செய்து கொடுத்தேன். பையின் வகை, அளவு, தொடர் எண், எடுத்த உறை, விட்ட இடத்தின் அளவு, கணு, திசு அறிக்கை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்துவிட்டு, பேனாவைக் கேட்டு வாங்கினார். ஓரத்தில் ஒரு குறி போட்டு என்னிடம் திருப்பித் தந்தார். "இடது பக்கக் குழாயை 35 மில்லியில் எடுத்ததையும் எழுதுங்க டாக்டர்."

எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.